வீராசாமி வீட்டுத் தப்பு

எவர்சில்வர் பாத்திரத்தைச் சிவப்பு மூடித் தொட்டியில் போடக் கூடாது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடச் சொல்லும்: குப்பை சிவப்புக்கு, தகரமும் கண்ணாடியும் மஞ்சளுக்கு. தமயந்திக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு டம்ளரையும் ஒரு தட்டையும் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்து, சிவப்பு மூடியைத் தூக்கினாள். மஞ்சளில் போட்டால் உருக்கி வேறு பண்டமாக்கி மறுபடியும் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். சிவப்பில் போனது திரும்பி வராது.

கையில் நீலக் கையுறை மாட்டியிருந்தாள். வேலை பார்க்கிற இடத்திலிருந்து எப்போதோ கொண்டுவந்தது.

"அம்மா, என்ன பண்றே?"

பின்வாசலில் மகள் தாரிணி நின்றாள். ஆறு வயதில் இந்த ஊருக்கு வந்தவள், இப்போது பிசியோதெரபிஸ்ட். தூக்கிய மூடியைத் தமயந்தி இறக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. பழைய பாத்திரம்."

"பழசா? மத்தியானம் நேதனும் ஆன்ட்டியும் இதுலதானே தண்ணியும் பாயசமும் குடிச்சாங்க?"

"அதான்."

ஒரே வார்த்தை. சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் போட்டாள். தொட்டிக்குள் ணங்கென்று சத்தம் கேட்டது.

இந்தத் தமயந்தி யார் தெரியுமா? ஆஸ்பத்திரி லேபில் பதினாலு வருஷமாக ஊரார் ரத்தத்தையும் மூத்திரத்தையும் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள். எவன் ரத்தம், எந்தத் தெருக்காரன் சளி என்று ஒரு நாள் கேட்டிருப்பாளா? கேட்கமாட்டாள். சோதனை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, அங்கேயே பக்கத்து அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவாள். அந்தக் கைக்குத்தான் ஒரு மனுஷி வாய் வைத்துக் குடித்த டம்ளரைத் தொட அருவருப்பாக இருந்தது. சீ!

அவை சும்மா டம்ளர்களும் இல்லை. கல்யாணத்தில் அவள் அம்மா வைத்த சீர். 'தமயந்தி செல்வராஜ்' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியவை. கும்பகோணத்திலிருந்து பெட்டியில் புடவைக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தவை. அம்மா செத்த பிறகு அவற்றில் காபி ஊற்றும்போதெல்லாம் கண் கலங்குவாள். அதையே தூக்கிப் போட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்ன நடந்துவிட்டது?

நேதன் வீராசாமி என்ற பையனைத் தாரிணி விரும்பினாள். பையன் மின்சாரப் பொறியாளர். தென் அமெரிக்காவில் இருக்கிற கயானாவில் பிறந்தவன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கரும்பு வெட்ட வெள்ளைக்காரன் கப்பலேற்றிக் கொண்டுபோன கூலிகளின் வழியில் வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா லெச்மி, நார்த் ஷோரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கிளென்ஃபீல்டில் சொந்த வீடு.

தாரிணியின் அப்பா செல்வராஜ் இதைக் கேட்டபோது சந்தோஷத்தில் குதிக்காத குறைதான். அவர் ஆக்லாந்தில் ஒரு தமிழ் மன்றத்துக்குத் தலைவர். மேடை கிடைத்தால் 'சாதி மதம் கடந்து தமிழால் இணைவோம்' என்று முடிக்காமல் இறங்கமாட்டார்.

"கயானாவா! ஆறு தலைமுறையா மாரியம்மனை விடாம வச்சிருக்காங்களாமே! பாஷை போச்சு, சாமி போகல பாரு. இவன்லடா தமிழன்!" என்றார். தீபாவளி விழாவில் அதையே பேசிக் கைத்தட்டலும் வாங்கினார்.

கிளென்ஃபீல்டுக்கு ஒரு தடவை போயும் வந்தார்கள். அன்றைக்கு லெச்மி டீ கொண்டுவந்தபோது செல்வராஜ் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க. சம்பந்தம் பேசி முடிக்காம அந்த வீட்டுல நாங்க கை நனைக்கிறதில்ல. பச்சைத் தண்ணிகூடக் குடிக்கமாட்டோம். கை நனைச்சிட்டா சம்பந்தம் முடிஞ்ச மாதிரி. முதல்ல நீங்க எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடுங்க" என்றார்.

லெச்மிக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போனது. "கை நனை, கை நனை" என்று தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பேசுவதெல்லாம் கயானா இங்கிலீஷ்தான். நான் தமிழில் தருகிறேன். அந்தக் குரலின் இடிச் சிரிப்பு மட்டும் இதில் வராது.

அப்படித்தான் அந்த ஞாயிறு மத்தியானம் லெச்மியும் நேதனும் கை நனைக்க வந்தார்கள். வடை, பாயசத்தோடு விருந்து. லெச்மி ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். "எங்க ஆத்தா ரசம் வைப்பாங்க, இவ்வளவு நல்லா இருக்காது" என்றார். தமயந்திக்கு உச்சி குளிர்ந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

செல்வராஜுக்குத்தான் நாக்கு அரித்தது.

"உங்க பூர்வீகம் மெட்ராஸ்ல எந்தப் பக்கம்?"

"யாருக்குத் தெரியும்? கப்பல் மெட்ராஸ்ல கிளம்பிச்சு. அதனால எல்லாரும் மெட்ராஸ்."

"இல்ல... கம்யூனிட்டி? என்ன கம்யூனிட்டின்னு வீட்டுல பெரியவங்க சொல்லியிருப்பாங்கல்ல?"

"கம்யூனிட்டியா? கரும்புத் தோட்டம்!" லெச்மி சிரித்தார். "சாதியைக் கேக்கறீங்களா? அதைக் கப்பல்லேயே வாந்தி எடுத்துட்டாங்க, மிஸ்டர் செல்வராஜ்."

எல்லாரும் சிரித்தார்கள். செல்வராஜும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அதோடு விட்டிருக்கலாம். லெச்மிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மருமகளாக வரப்போகிறவளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "கல்யாணத்துக்கு நானே தப்பு அடிப்பேன்" என்றார்.

இங்கிலீஷுக்கு நடுவே அந்த ஒரு சொல் மட்டும் அச்சு அசல் தமிழில் வந்து விழுந்தது.

தமயந்திக்குச் சட்டென்று புரியவில்லை. "தப்பா? என்ன தப்பு? யார் பண்ணா?"

"தப்பு! தப்பு!" லெச்மி கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து இடது தோளில் சாய்த்துக்கொண்டு விரலால் தட்டிக் காட்டினார். ஜண்டக்கு ஜக்க, ஜண்டக்கு ஜக்க. "எங்க அப்பா அடிச்சாரு, தாத்தா அடிச்சாரு. என் வீட்டுக்காரர் அடிக்காத கோயில் கயானாவுல எங்க பெர்பிஸ் பக்கம் கிடையாது. தப்புச் சத்தம் கேக்காம மாரியம்மா இறங்கமாட்டா!"

தஞ்சாவூர்ப் பக்கம் பறைக்குத் தப்பு என்றுதான் பேர். செல்வராஜ் அந்தப் பக்கத்துக்காரர். தப்பு அடிக்கிறவர்கள் தன் ஊரில் எந்தத் தெருவில் இருந்தார்கள், சாவு வீட்டு வாசலில் எங்கே நின்றார்கள், அவர்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றியது யார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முப்பது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தும் அதில் ஒரு எழுத்து அழியவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தமயந்தி எழுந்து உள்ளே போனாள். பாயசம் இன்னும் வேண்டுமா என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்தத் தட்டும் அந்த டம்ளர்களும்தான் இப்போது சிவப்புத் தொட்டிக்குள் கிடந்தன.

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்" என்றபடி செல்வராஜ் பின்வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டில் இருப்பது சமோவாக்காரர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இந்த விஷயத்தைப் பேசும்போது குரல் தானாகத் தணிந்துவிடுகிறது, எந்தத் தேசத்தில் பேசினாலும்.

"அப்பா, நீங்க ஸ்டேஜ்ல பேசறது எல்லாம் என்னது?"

"இங்க பாரும்மா, எனக்கு சாதி கீதியெல்லாம் கிடையாது. உங்க அத்தைக்கு என்ன பதில் சொல்றது? நாளைக்கு ஊர்ல ஒரு நல்லது கெட்டதுக்குப் போய் நிக்க முடியுமா?"

"அவங்க சாதி என்னன்னு அவங்களுக்கே தெரியாதுப்பா!"

"நமக்குத் தெரிஞ்சு போச்சேம்மா" என்றார் செல்வராஜ், வருத்தப்படுகிறவர் மாதிரி.

 அப்பா திட்டியிருந்தால், கத்தியிருந்தால்கூடத் தேவலை. ரிசல்ட் வந்துவிட்ட வியாதியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்.

மறுநாள் அவர் லெச்மிக்குப் போன் செய்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார். நேதனுக்கு ஜாதகமே கிடையாது. இல்லாத ஜாதகத்தில் எந்தக் கட்டத்தில் எந்தக் கிரகத்தைப் பார்த்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

அன்று சாயங்காலம் தாரிணி தொட்டிக்குள் தலையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு கிளென்ஃபீல்டுக்குப் போனாள். சொல்லக் கூடாது என்றுதான் போனாள். ஆனால் லெச்மி டீச்சர் ஆயிற்றே. மறைக்கிற பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியாதா?

கேட்டு முடித்ததும் லெச்மி அழவில்லை. டம்ளரை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தார். கராஜின் ஒரு மூலையில் மாரியம்மனுக்கு இடம் வைத்திருந்தார். மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, எலுமிச்சம்பழம், ஒரு விளக்கு. பக்கத்து ஆணியில் தப்பு தொங்கியது. விளக்கடியில் டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்.

"எங்க முப்பாட்டனை அந்தத் தோட்டத்துல துரை கூப்பிட்டுச் சொன்னான், இந்தத் தப்பைக் கீழே வை, இல்லேன்னா லயத்து வீட்டைக் காலி பண்ணுன்னு" என்றார். "எங்க அப்பா சர்ச் ஸ்கூல்ல வாத்தியார். ஞானஸ்நானம் வாங்கிக்கோ, தப்பைத் தூக்கிப் போடு, ஹெட்மாஸ்டர் ஆக்கறேன்னு பாதிரி சொன்னாரு. அப்பா மாட்டேன்னுட்டாரு. சாகற வரைக்கும் சின்னக் கிளாஸ்தான் எடுத்தாரு. சரி, அவங்க வெள்ளைக்காரங்க. அதே கப்பல்ல வந்த வடக்கத்தி இந்துக்கள் என்ன சொன்னாங்க? மெட்ராஸ்காரன் கும்பிடறது பேயி, அந்தக் கொட்டு அசிங்கம்னாங்க. அப்பல்லாம் அப்பா என்கிட்ட ஒண்ணு சொல்வாரு. இவங்களுக்குத் தெரியாதும்மா, மெட்ராஸ்ல நம்ம ஜனங்க இருக்காங்க, அவங்க கேட்டா கட்டிப்பிடிச்சுக்குவாங்கன்னு."

சொல்லிவிட்டு விளக்குத் திரியைத் தூண்டினார். 

"ஆன்ட்டி, நாங்க ரெஜிஸ்டர் பண்ணிக்கறோம். அவங்க சம்மதம் எங்களுக்கு வேண்டாம்" என்றாள் தாரிணி. வேலையிலிருந்து அப்போதுதான் வந்த நேதனும் தலையாட்டினான்.

"எனக்கு வேணும்" என்றார் லெச்மி. "என் மகன் திருடன் மாதிரிப் பின்வாசல் வழியா மாப்பிள்ளையாப் போகமாட்டான். உங்க அப்பா சொன்னாரே, கை நனைக்கறதுன்னு? நான் நனைச்சிட்டேன். அவர் இங்க வந்து, இந்த டம்ளர்ல, என் கையால குடிக்கணும். அப்புறம்தான் தேதி."

"அவர் வரவே மாட்டார், ஆன்ட்டி."

"அப்போ டம்ளர் இங்கேயே இருக்கட்டும்."

நேதன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு பக்கம் சாதி பிடித்த அப்பா, இன்னொரு பக்கம் ரோஷம் பிடித்த அம்மா, நடுவில் பிள்ளைகள் கல்யாணம். நவம்பர் போய்க் கிறிஸ்துமஸ் வந்தது, தேதி வரவில்லை. தாரிணி வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஜனவரியில் மன்றத்தின் பொங்கல் விழா. நியூ லின்னில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். இந்த வருஷம் சிறப்பு என்ன தெரியுமா? பறையிசை! ஆமாம், பறைக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. 'ஆதித் தமிழரின் ஆதி இசை' என்று செல்வராஜே போஸ்டருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தார். சென்னையிலிருந்து மூன்று இளைஞர்களை வரவழைத்தார். உள்ளூர் எம்.பி. சிறப்பு விருந்தினர். மேடையில் அடித்தால் ஆதி இசை, கராஜில் அடித்தால் அசிங்கம். இந்தக் கணக்கை லெச்மி டீச்சராலும் போட முடியாது.

இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். பறைகள் வந்து சேரவில்லை. பதப்படுத்தாத தோல் நாட்டுக்குள் வரக் கூடாது என்று விமான நிலையத்திலேயே அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆப்பிள் ஒன்றைப் பையில் மறந்து வைத்தாலே அபராதம் போடுகிற ஊர் இது. மாட்டுத்தோலை விடுவார்களா? இதைத் தலைவர் யோசித்திருக்க வேண்டும். போஸ்டரில் தன் படம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதை மட்டும்தான் யோசித்திருந்தார்.

விழா அன்று காலை மன்றச் செயலாளர் செல்வரத்தினம் காரோடு வந்து வாசலில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், சுறுசுறுப்பானவர்.

"தலைவர், ஒரு வழி இருக்கு. உங்கட மகளுக்குக் கலியாணம் கதைச்ச வீட்டில ஒரு பறை இருக்காம். பிள்ளையள் சொல்லினம். சாதகம் பொருந்தாட்டிலும் மனுசர் மனுசர்தானே? வாங்கோ, போய்க் கேப்பம்."

செல்வராஜ் என்ன சொல்லி மறுப்பார்? ஏன் மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஏறி உட்கார்ந்தார்.

கிளென்ஃபீல்டில் தாரிணியும் இருந்தாள். லெச்மி அவர்களைக் கராஜுக்குள் கூட்டிப்போய் நாற்காலி போட்டார். செல்வரத்தினம் தப்பை ஆணியிலிருந்து எடுத்துத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான்! ஆட்டுத்தோலோ?" என்றார்.

"ஆமா. என் வீட்டுக்காரர் இந்தக் கராஜ்லேயே செஞ்சாரு. தோலு குமியூங்கற ஊர்ல ஒரு பண்ணை ஆட்டோடது. ஊற வச்சப்ப நாத்தம் தாங்காம தெருவே சண்டைக்கு வந்திச்சு" என்று சிரித்தார் லெச்மி. பிறகு செல்வராஜைப் பார்த்து, "நியூசிலாந்து ஆடு. அதுக்கு என்ன கம்யூனிட்டின்னு விசாரிக்காம விட்டுட்டோம்" என்றார்.

டீ வந்தது. இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில். செல்வரத்தினம் மடமடவென்று குடித்து முடித்தார். செல்வராஜ் டம்ளரைப் பார்த்தார். புள்ளி புள்ளியாக மனைவியின் பெயர், பக்கத்திலேயே தன் பெயர்.

"டீ எனக்கு... சுகர் இருக்கு."

"சர்க்கரை போடல" என்றார் லெச்மி.

"பால்கூட..."

"பாலும் போடல."

வெளியே காரில் இடம் ஒதுக்க செல்வரத்தினம் எழுந்து போனார். உடனே செல்வராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தணிந்தது.

"மேடம், மனசுவிட்டுப் பேசறேன். நேதன் தங்கமான பையன். எனக்கு ஒண்ணுமில்ல, ஊர் வாயைத்தான் மூடணும். தோட்டத்துல எல்லா ஆளுங்களும்தான் கொட்டு அடிச்சிருப்பாங்க. உங்க முன்னோர் வேற ஆளுங்களா, நல்ல குடும்பமாக்கூட இருந்திருக்கலாம்ல? அங்க போய்க் கத்துக்கிட்டிருக்கலாம். நான் ஒரு பேர் சொல்றேன். இந்த வகையறான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். அடுத்த மாசமே முகூர்த்தம்."

தாரிணி லெச்மியைப் பார்த்தாள். ஒரு பொய். ஒரே ஒரு வார்த்தை. அது போதும், நாளைக்கே கல்யாணம். சொல்லிவிடுங்கள் ஆன்ட்டி என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. தோன்றியதற்காக மறுகணமே கூசிப்போனாள்.

"நீங்க சொல்றது பொய்யா இருந்தா?" என்றார் லெச்மி.

"யார் கேக்கப் போறா?"

"அதாவது, நீங்க நினைக்கிற ஆளுங்களாவே நாங்க இருந்தாலும், இல்லேன்னு சொல்லிட்டாப் போதும்."

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

"அப்போ உங்களுக்கு அருவருப்பு நாங்க குடிச்ச டம்ளர்ல இல்ல. நாங்க அதை மறைக்கலையேன்னுதான்." லெச்மி எழுந்து தப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நாங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இந்தத் தப்பை அடிச்ச ஆளுங்கதான் எங்க ஆளுங்க. அது யாரா இருந்தாலும் சரி. துரைக்காக விடாததை, பாதிரிக்காக விடாததை, உங்க ஊர் வாய்க்காக விடமுடியாது. தப்பு வேணுமா? டீயைக் குடிங்க."

வாசலில் செல்வரத்தினம் ஹாரன் அடித்தார். எம்.பி. வருவார். போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. செல்வராஜ் டம்ளரைத் தூக்கினார். தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் மேலேயிருந்து ஊற்றிக்கொண்டார். சூடான டீ மூக்கில் ஏறி, மோவாயில் வழிந்து, விழாவுக்காகப் போட்டிருந்த பட்டுச் சட்டையில் கொட்டியது.

"எங்க வீட்டுல வாய் வச்சுத்தான் குடிப்போம்" என்றார் லெச்மி. "உங்க வீட்டுலயும் நாங்க அப்படித்தான் குடிச்சோம்."

செல்வராஜ் வாய் வைத்துக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார், விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளையைப்போல.

"கை நனைச்சாச்சுப்பா" என்றாள் தாரிணி. "சம்பந்தம் முடிஞ்ச மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தப்பைக் கார் டிக்கியில் வைக்கப் போனார். டிக்கியில் வைக்கிற சாமான் இல்லை அது என்று லெச்மி தடுத்துவிட்டு, தானும் தாரிணியோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அந்தச் சவாரி முழுக்க, பாலம் தாண்டி நியூ லின் போகிறவரை, மன்றத் தலைவர் தப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் தூக்கியே வைத்திருந்தார்.

மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டித் தோலை விறைப்பாகக் காய்ச்சினால் அலாரம் அடிக்கும். அதனால் லெச்மி கையோடு ஹேர் டிரையர் கொண்டுவந்திருந்தார். மேடைக்குப் பின்னால் தலைவர் தப்பைப் பிடித்துக்கொள்ள, அவர் சூடு காட்டினார். பிறகு சென்னை இளைஞர்கள் கால் எடுத்து ஆட, லெச்மி அடித்தார். அவர் அடித்த அடியில் மண்டபத்து நாற்காலிகள் அதிர்ந்தன. அர்த்தம் தெரியாத, ஆனால் ஓர் எழுத்துப் பிசகாத தமிழில் அம்மனைக் கூப்பிட்டுப் பாடினார். கடைசி வரிசையில் இருந்த கிழவர்கள்கூட எழுந்து நின்றார்கள். வடை பொரித்துக்கொண்டிருந்த தமயந்தி மட்டும் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

செல்வராஜ் மைக்கைப் பிடித்தார். "நம் கயானாச் சொந்தம்!" என்று முழங்கினார். "சாதி மதம் கடந்த நம் ஆதி இசை!" கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. எம்.பி. தலைவருக்கு மாலை போட்டார்.

"சொந்தம்னா என்ன?" என்று தாரிணியிடம் கேட்டார் லெச்மி. அவள் சொன்னாள். லெச்மி குச்சியால் தப்பின் விளிம்பில் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வராஜ் மாலையைச் சோபாவில் எறிந்துவிட்டு நேரே குளியலறைக்குள் போனார். போட்டிருந்த சட்டையோடு ஷவரைத் திறந்துகொண்டார். நெடுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஹீட்டரில் வெந்நீர் தீர்ந்திருக்கும். அப்போதும் நிறுத்தவில்லை. இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரித் தலை முழுகினார்.

தாரிணி தன் அறையில் பெட்டியை அடுக்கி முடித்துக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நேதனின் கார் நின்றது.

"எங்கடி போறே?" தமயந்தி பதறினாள். "அப்பா ஏன் இப்படிக் குளிக்கிறாரு? என்ன ஆச்சு?"

"ஆன்ட்டி தேதி குறிச்சிட்டாங்கம்மா. முதல் பத்திரிகை உனக்குத்தான் வரும்." தாரிணி செருப்பை மாட்டினாள். "அப்பா இன்னைக்கு அவங்க வீட்டுல டீ குடிச்சாரு. நீ தூக்கிப்போட்ட டம்ளர்ல. வாய் வச்சு."

தமயந்தியின் கை தானாகப் புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

"டம்ளரைச் சிவப்பு மூடியில போட்டே. இப்ப அப்பாவை எதுல போடப் போறே? சிவப்பா, மஞ்சளா?" தாரிணி கதவைத் திறந்தாள். "செவ்வாய்க்கிழமை காலையில குப்பை வண்டி வரும்மா. அதுக்குள்ள யோசிச்சு வை."